சக்களத்தியோடு கும்மிடிப்பூண்டி வரை

என் காருக்கு என் மனைவி வசந்தா வைத்திருக்கும் பெயர் சக்களத்தி. கோயம்புத்தூரில் பம்பு செட்டு உதிரி பாகம் விற்கிற ஆளுக்கு, ஒரு மில் முதலாளி ஓட்டிச் சலித்துப்போன வெளிநாட்டுச் சொகுசுக் கார் எதற்கு என்று வாங்கிய அன்றே கேட்டாள். பார்த்தேன், பிடித்தது, வாங்கிவிட்டேன். ஆசைக்கெல்லாம் காரணம் சொல்ல ஆரம்பித்தால் ஒரு வேலையும் நடக்காது.

வாங்கின புதிதில் அதற்குள் இல்லாத வித்தை இல்லை. கதவை லேசாகத் தள்ளினால் போதும், மீதியைத் தானே இழுத்துச் சாத்திக்கொள்ளும். டிக்கிக்கு அடியில் காலை நீட்டினால் திறக்கும். சாவியோடு நான் பக்கத்தில் நின்றால் தெருநாய் நுழைந்தாலும் திறக்கும். பின் சீட்டு நடுவில் ஒரு குட்டி ஃப்ரிட்ஜ். சீட்டு முதுகைப் பிடித்துவிடும். உள்ளே ஒரு பெண் இங்கிலீஷில் வழி சொல்வாள். முன்னால் ஏதாவது குறுக்கிட்டால் நம்மைக் கேட்காமலே பெல்ட்டை வெடுக்கென்று இழுத்து, நம்மைச் சீட்டோடு கட்டி, அதுவே பிரேக்கும் போட்டுக்கொள்ளும். வயதாக ஆக ஒவ்வொன்றாக மக்கர் பண்ண ஆரம்பித்தது. பின் கண்ணாடித் திரை ஒருநாள் மேலே ஏறியது, அப்புறம் இறங்கவே இல்லை. முன்னால் இருக்கும் தொடுதிரையில் கீழ்ப்பாதி இருண்டுபோனது. வழி சொல்லும் பெண் மட்டும் குரல் மாறாமல் இருக்கிறாள், ஆனால் அவளுக்குப் புது மேம்பாலம் எதுவும் தெரியாது.

விற்றுத் தொலையுங்கள் என்று வசந்தா சொல்லிக்கொண்டே இருந்தாள். போன வருஷம் அவளுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு அவளால் எந்த வண்டியிலும் உட்கார முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் புத்தம் புதுக் கார் கொண்டுவந்தார். தெருமுனை திரும்புவதற்குள் அழுதுவிட்டாள். கடைசியில் இந்தக் கிழட்டுக் காரின் முன் சீட்டில் உட்கார வைத்து, அதன் முதுகுக்குள் இருக்கும் காற்றுப் பைகளை ஏற்றி இறக்கிச் சரிசெய்தபோதுதான் மூச்சை விட்டாள். "போயும் போயும் சக்களத்தி மடிதான் எனக்கு வாய்ச்சிருக்குதுங்க" என்றாள். அத்தோடு விற்கிற பேச்சு நின்றது.

எங்கள் ஒரே மகள் நித்யா கும்மிடிப்பூண்டியில் இருக்கிறாள். மருமகனுக்கு அங்கே ஓர் இரும்பு ஆலையில் வேலை. ஆபரேஷன் சமயத்தில் கூட இருந்து பார்த்துக்கொண்டு போனவள், போன பிறகுதான் மாசமாக இருப்பது தெரிந்தது. நீண்ட பயணம் கூடாது என்று அவளுடைய டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் வளைகாப்பை அங்கேயே, வெள்ளிக்கிழமை வைத்திருந்தார்கள். மகளை வயிறும் பிள்ளையுமாக வசந்தா இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. முதல் வளையலைத் தன் கையால் போட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு அந்த மாதம் முழுக்க வேறு பேச்சே கிடையாது.

வழியில் ஒரு வேண்டுதலும் இருந்தது. எழுந்து நடந்தால் திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பதாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி வேண்டிக்கொண்டிருந்தாள். ஆகவே செவ்வாய்க்கிழமை சாயங்காலம் திருவள்ளூர் போய்ச் சேர்ந்தோம்.

எனக்கு அது அயல் நாடுதான். நான் பேசினால் அவர்கள் சிரிக்கிறார்கள், அவர்கள் பேசினால் நான் இன்னொரு தரம் கேட்கிறேன். காலையில் இட்லிக்கு வடகறி கொடுத்தார்கள். எங்கள் ஊரில் இட்லிக்குத் தேங்காய்ச் சட்டினியும் கொஞ்சம் இனிப்பு தட்டிய சாம்பாரும் போதும். இங்கே காலையிலேயே சோம்பும் பட்டையும் மூக்கில் ஏறுகிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

புதன்கிழமை வெல்லம் கரைத்தாகிவிட்டது. வசந்தா படியில் உட்கார முடியாமல் நின்றபடியே கரைத்தாள். வெல்லம் தண்ணீரில் காணாமல் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "என்னோட வலி போயிருச்சு" என்றாள். இவ்வளவு தூரம் ஓடிவந்த காருக்கும் ஒரு பூஜை போடலாம் என்று எனக்குத் தோன்றியது. பட்டர் வந்து பானெட்டில் சந்தனம் வைத்து, மாலை சாத்தி, தீபம் காட்டினார். கோயில் வாசலில் திருஷ்டிக்கு எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்து விற்கும் அம்மாள், நான் கேட்காமலே ஒன்றை எடுத்துக் காரின் மூக்கில் கட்டிவிட்டார். எங்கள் வீட்டில் நூலில் கோத்து, பின்னால் நம்பர் பலகையோரம் கட்டுவோம். இந்த ஊரில் இரும்புக் கம்பியில் கோத்து முன்னால் கட்டுகிறார்கள். ஊருக்கு ஊர் வழக்கம் என்று நினைத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டுக் கும்மிடிப்பூண்டிக்குக் கிளம்பினேன்.

ஊர் எல்லையைக்கூடத் தாண்டவில்லை. முன்னால் ஓர் ஆடுகூட இல்லாத ரோட்டில் பெல்ட் இரண்டும் வெடுக்கென்று இறுக, கார் தன்னால் பிரேக் போட்டு நின்றது. வசந்தா "அய்யோ" என்ற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மறுபடி எடுத்தேன். கொஞ்சம் வேகம் பிடித்ததும் மறுபடி அதே இழுப்பு. அவள் முகம் வெளுத்துவிட்டது. ஊர்ந்து போனால் ஒன்றும் செய்யவில்லை. லாரிகள் விரட்டும் ரோட்டில் அவ்வளவு தூரமும் அப்படிப் போக முடியாது, ஆகவே ஊர்ந்துகொண்டே நாங்கள் தங்கியிருந்த விடுதிக்குத் திரும்பினோம். பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர்கள் எல்லாரும் ஹாரனாலேயே திட்டினார்கள்.

விடுதிக்குப் பக்கத்திலேயே ஏழுமலை என்பவர் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். என் வயதுக்காரர். நான் "வண்டி நின்னுருதுங்க, பெல்ட்டு இழுக்குதுங்க" என்று சொன்னதைக் கேட்டு, சார் காருக்குக்கூட மரியாதை கொடுக்கிறார் என்று சிரித்தார். எலுமிச்சம்பழத்தைப் பயபக்தியோடு அவிழ்த்து, கண்ணில் ஒற்றிச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினார். அப்புறம் தன் சின்ன கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்தார். காரின் மூக்குக்குள் எதிரே வருவதைப் பார்க்கும் ரேடார் ஒன்று இருக்கிறது, பழுது அதில்தான் பதிவாகியிருக்கிறது என்றார். கழற்றித் துடைத்து மாட்டினார். எலுமிச்சம்பழத்தை மறக்காமல் பழைய இடத்தில் கட்டினார். தெருவில் ஓட்டினோம். கொஞ்ச தூரத்திலேயே பெல்ட் இழுத்தது.

அந்த வேலையை மட்டும் நிறுத்தி வைக்க வழி உண்டு. ஆனால் அதற்கான இடம் திரையின் இருண்ட கீழ்ப்பாதியில் இருக்கிறது. பியூஸைப் பிடுங்கிவிடலாமா என்று கேட்டேன். ஏழுமலை கையை எடுத்துக் கும்பிட்டார். "அத்த புடுங்கினா மொத்த பிரேக்கும் பேஜாராயிடும் சார். அம்மாவ வெச்சிக்கினு அந்த வேல வாணாம்." கம்பெனிக்குப் போன் போட்டால், ரேடார் கடல் தாண்டி வர வேண்டும், வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள்.

அறைக்குப் போய், ஆம்புலன்சில் படுத்தபடி போய்விடலாமா என்று மெல்ல ஆரம்பித்தேன். வசந்தா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"வளைகாப்புக்கு ஆம்புலன்சுல போயி இறங்கச் சொல்றீங்களா? புள்ளத்தாச்சி பயந்துக்க மாட்டாளா?"

நித்யா போனில் தானே கிளம்பி வருவதாகச் சொன்னாள். அம்மாக்காரி அதையும் தடுத்துவிட்டாள். இருவருக்கும் நடுவே இருந்தது ஒரு மாவட்டத்துக்குள் அடங்கிய தூரம்தான், இருவராலும் தாண்ட முடியவில்லை. வசந்தா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்கு அந்தக் காரின் மேல் அன்றைக்கு வந்த கோபம் அதற்கு முன் வந்ததில்லை.

ஏழுமலைதான் ஒரு வழி சொன்னார். கும்மிடிப்பூண்டியில் அப்பாஸ் பாய் என்று ஒருவர் பழைய இரும்பு வியாபாரம் செய்கிறார். வெள்ளத்தில் மூழ்கிய கார்களை வாங்கி, உபயோகமானதைக் கழற்றிக்கொண்டு, மிச்சத்தை உருக்காலைக்கு அனுப்புவார். அவர் ஷெட்டில் என் காரின் கூடப்பிறந்தது போல ஒன்று கிடக்கிறது, வெள்ளிக்கிழமை உலைக்குப் போகிறது. மருமகனுக்கு ஆலையில் ஷிப்டு, ஏழுமலையின் ஷெட்டில் ஒரு பள்ளிக்கூட வேன் பிரிந்து கிடந்தது, அதனால் நானே போக வேண்டியதாயிற்று.

வியாழக்கிழமை காலை ரயில். திருநின்றவூரில் ஏறின கூட்டத்தில் என் செருப்பு ஒரு காலைவிட்டுப் போனது. யாரோ ஒரு பெண் குனியாமலே காலால் அதை என் பக்கம் தள்ளிவிட்டார். எங்கள் ஊரில் பஸ்ஸில் இடித்தால் இடித்தவரும் இடிபட்டவரும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்போம். இங்கே யாரும் கேட்பதில்லை, ஆனால் விழப்போனால் எங்கிருந்தோ ஒரு கை வந்து தாங்குகிறது. பேசின் பிரிட்ஜில் இறங்கி, அவசரத்தில் எதிர்ப்பக்கம் போகும் வண்டியில் ஏறிவிட்டேன். இறங்கித் திரும்பி வந்து சரியான வண்டியைப் பிடித்தால், அது அத்திப்பட்டில் போய் அசையாமல் நின்றுவிட்டது. அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி போகிறதாம், அதற்குத்தான் முதல் மரியாதை.

நான் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவதைப் பார்த்து, எதிரே இருந்த ஆலைத் தொழிலாளி ஒருவர் தன் டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டினார். "துன்னு சார். நீ பாத்தா மட்டும் ரயிலு போயிடுமா?" எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும். முன்பின் தெரியாத ஆளை 'நீ' என்று சொல்லிக்கொண்டே சோற்றில் பாதியைக் கொடுக்கிற ஊரை நான் அதுவரை பார்த்ததில்லை. சாப்பிட்டு முடிக்கும்போது ரயில் கிளம்பிவிட்டது.

கும்மிடிப்பூண்டியில் முதலில் நித்யா வீட்டுக்குப் போனேன். கூடத்தில் மனைப்பலகைக்குப் பக்கத்தில் ஒரு சாய்வு நாற்காலி போட்டு, தலையணை மேல் தலையணையாக வைத்து, அதில் மகள் தானே உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்துச் சரி செய்திருந்தாள். "அம்மாவுக்கு இந்த உயரம் போதுமாப்பா?" என்று கேட்டாள். அம்மா வருவாளா என்று கேட்கவில்லை. போதும் சாமி என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

அப்பாஸ் பாயின் ஷெட் தொழிற்பேட்டைக்கு வெளியே இருந்தது. பூர்வீகம் பழவேற்காடு என்றார். நான் விஷயத்தைச் சொல்வதற்குள் "நாஷ்டா ஆச்சா?" என்று கேட்டு, மத்தியான நேரம் என்பதையும் பார்க்காமல் ஆப்பமும் இறால் தொக்கும் வரவழைத்தார். தொக்கின் காரத்தில் என் கண்ணில் தண்ணீர் வந்தது. மனைவியை நினைத்து அழுகிறேன் என்று எண்ணி அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். நானும் மறுக்கவில்லை, ஏனென்றால் அதுவும் கொஞ்சம் உண்மைதான்.

என் காரின் உடன்பிறப்பு ஒரு மூலையில் சேறு காய்ந்து கிடந்தது. அதே நிறம். அதே கதவு, ஆனால் தானாகச் சாத்திக்கொள்ளத் தெம்பில்லை. அதன் மூக்கிலும் ஒரு கம்பியில் காய்ந்து கறுத்த எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. பாய் அதைக் கவனமாக அவிழ்த்து ஓரமாக வைத்தார். "உங்காளுங்க நம்பிக்கையா கட்னது. அத்த தூக்கிப் போடக் கூடாது" என்றார். நான் நெகிழ்ந்துபோனேன். நெகிழ்ந்துபோனேனே தவிர, என் மண்டையில் எதுவும் உறைக்கவில்லை. ரேடார் தண்ணீர் புகாதபடி மூடியிருந்ததால் கெடவில்லை என்று கழற்றிக் கொடுத்தார். என்ன விலை என்பதை இங்கே எழுத மாட்டேன், இதை வசந்தா படிப்பாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஏழுமலை வேலையை ஆரம்பித்தார். எலுமிச்சம்பழத்தை அவிழ்த்தார், கண்ணில் ஒற்றினார், ஆணியில் மாட்டினார். புது ரேடாரைப் பொருத்தி என்னையும் ஏற்றிக்கொண்டு ரயில்வே கேட் வரை விரட்டிக் காட்டினார். கார் வெண்ணெய் மாதிரி போனது, ஒரு இழுப்பு இல்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வசந்தா பட்டுப்புடவை கட்டி, வளையல் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் சாய்ந்தாள். எல்லாம் முடிந்து கிளம்பும்போது ஏழுமலை "சார், ஒரு நிமிசம்" என்று ஓடிவந்து, ஆணியில் இருந்த எலுமிச்சம்பழத்தை மறக்காமல் கொண்டுவந்து முன்னால் கட்டினார்.

கடைத்தெருவைத் தாண்டி வேகம் எடுத்தேன். வெடுக்கென்று பெல்ட் இழுத்தது. கார் நின்றது. தாம்பாளத்தில் வளையல்கள் கலகலவென்று சரிந்தன.

வசந்தா கண்ணை மூடிக்கொண்டாள். வலியா, ஆற்றாமையா என்று எனக்குத் தெரியவில்லை. வளைகாப்புக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துப் படுத்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது, அதைச் சொல்வதில் வெட்கமில்லை. விற்றுத் தொலைத்திருக்கலாம், அவள் பேச்சைக் கேட்டிருக்கலாம் என்றெல்லாம் புலம்பினேன்.

"கொஞ்சம் மெதுவா நகத்துங்க" என்றாள் வசந்தா. நகர்த்தினேன். நாங்கள் நின்றிருந்தது ஒரு பாத்திரக்கடைக்கு எதிரே. அந்தக் கடையின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதில் எங்கள் கார் தெரிந்தது. வசந்தா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கார் நகர நகர, அதன் மூக்கில் கம்பியோடு எலுமிச்சம்பழம் ஊஞ்சல் ஆடியது.

"ஏனுங்க, அந்தப் பழத்தை ஒருக்கா கழட்டுங்க."

கோயிலில் கட்டினது, அப்படியெல்லாம் அவிழ்க்கக் கூடாது என்றேன்.

"பெருமாளே கழட்டச் சொன்னாருன்னு வெச்சுக்கங்க. ஆணியில மாட்டியிருந்தப்ப ஓடுச்சில்ல? கட்டுனதும் நின்னுருச்சு. அதுக்குக் கண்ணு முன்னாடி இரும்புக் கம்பி ஆடுனா, அது குறுக்க என்னமோ வருதுன்னுதானே நினைக்கும்?"

இறங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு அவிழ்த்தேன். அதைத் தூக்கி எறிய எனக்கு மனசு வரவில்லை, ரோட்டில் போடவும் பயம். வசந்தாதான் இடம் சொன்னாள். பின் சீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து, அவளுடைய மருந்துகளுக்குப் பக்கத்தில் வைத்து மூடினேன். பிறகு காரை எடுத்தேன். கடைத்தெரு போனது, வயல் வந்தது, வேகம் ஏறியது. நானும் வசந்தாவும் மூச்சுகூட அளந்துதான் விட்டோம். பெல்ட் அப்பாவி மாதிரி தோளில் கிடந்தது. நல்ல தூரம் போனதும் முதலில் அவள் சிரித்தாள். அப்புறம் நான். சிரித்த சிரிப்பில் ரோடு மங்கலாகத் தெரிய, நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டினேன். ஏழுமலைக்குப் போன் செய்து சொன்னேன். "இன்னா சார் சொல்ற... நானே இல்ல திரும்பத் திரும்பக் கட்னேன்" என்றார். அவர் கட்டினதை நான்தானே பக்கத்தில் நின்று கும்பிட்டேன் என்றேன். பாயிடம் வாங்கின ரேடாரும் வீண்தான், ஆனால் அன்றைக்கு யாராவது இன்னொன்று விற்றிருந்தாலும் சந்தோஷமாக வாங்கியிருப்பேன்.

நித்யா வீட்டு வாசலில் கார் நின்றது. கதவு தானாக விட்டுக்கொடுக்க, வசந்தா ஒரு காலை, அப்புறம் இன்னொரு காலை எடுத்து வைத்து இறங்கினாள். மகள் வாசலுக்கே வந்துவிட்டாள். அம்மாவைக் கட்டிப்பிடிக்க வயிறு குறுக்கே இருந்தது. இருவரும் பக்கவாட்டில் சாய்ந்து, தோளில் தோளை வைத்துக்கொண்டு நின்றார்கள். வசந்தா மகளின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துவிட்டு எடுக்கவே இல்லை. நான் டிக்கியில் ஏதோ தேடுவது போலக் கொஞ்ச நேரம் குனிந்துகொண்டிருந்தேன்.

அந்த வீட்டுக்குச் சொந்தக்கார அம்மாள், தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிறவர், ஆரத்தி சுற்றினார். இம்மாந்தூரம் கொண்டுவந்து சேர்த்த வண்டிக்கும் சுற்ற வேண்டும் என்று காருக்கும் சுற்றினார். அப்புறம் முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை எடுத்தார். புது எலுமிச்சம்பழம், புது மிளகாய், புதுக் கம்பி. நேராகக் காரின் மூக்குக்குப் போனார். எனக்கு உயிர் போய் வந்தது.

"பின்னாடி கட்டுங்கக்கா" என்றாள் வசந்தா. "இவ முன்னாடி ஏதாச்சும் ஆடுனா பயந்துக்குவா."

முதல் வளையலை அவள்தான் போட்டாள். சாய்வு நாற்காலியின் உயரம் சரியாக இருந்தது. மகளின் இரண்டு கையும் முழங்கை வரை நிறைந்தன. வந்த பெண்கள் எல்லாருக்கும் ஆளுக்கு இரண்டு கண்ணாடி வளையல் கொடுத்தாள். கலந்த சாதத்தில் புளியோதரைக்குத்தான் போட்டி. அதில் கோங்குரா என்கிற புளிச்சக்கீரை சேர்த்திருந்தார்கள், நான் மூன்றாம் தடவை கேட்கும்போது பரிமாறினவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

மறுநாள் நாங்கள் கிளம்பும்போது வசந்தா வழக்கம்போல முன் சீட்டில் சாய்ந்து, காற்றுப் பைகளைச் சரிசெய்துகொண்டாள். தாம்பாளத்தில் ஒரு பச்சை வளையல் மிச்சம் இருந்தது. அதை எடுத்துக் கியர் குமிழில் மாட்டினாள். வழுக்கிக்கொண்டு போய் அடியில் சரியாக உட்கார்ந்தது.

என்ன இது என்றேன்.

"எல்லாப் பொம்பளைங்களுக்கும் குடுத்தாச்சு. இவளுக்கு மட்டும் குடுக்காம விட்டா நல்லாவா இருக்கும்?" என்றவள், கதவை லேசாகத் தள்ளினாள். மீதியை அது இழுத்துக்கொண்டது. "மெதுவா ஓட்டுங்க. தங்கச்சிக்கு வயசாச்சு."